மலையூரில் வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸைத் திரும்பப் பெறுவது எப்படி

ஊட்டியிலோ, குன்னூரிலோ, கோத்தகிரியிலோ, கொடைக்கானலிலோ வாடகை வீட்டைக் காலி செய்பவருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் அட்வான்ஸ் தொகை பற்றி எழும் தகராறு, நான் பார்த்தவரை, பெரும்பாலும் சுவரில்தான் வந்து நிற்கிறது. சமவெளியில் ஆணி அடித்த ஓட்டை, உடைந்த குழாய், கட்டாமல் விட்ட மின் கட்டணம் என்று பேச்சு முடிந்துவிடும். மலையில் இவற்றோடு ஓதம் ஏறிக் கறுத்த சுவர், பூசணம் பிடித்த அலமாரி, ஈரத்தில் உப்பி மூட மறுக்கும் கதவு ஆகியவையும் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. தாம் கொடுத்தபோது சுவர் வெள்ளையாக இருந்தது என்பார் உரிமையாளர். மழை வந்தால் சுவரே நனைகிறது, நான் என்ன செய்வேன் என்பார் குடியிருந்தவர். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். எது எந்த அளவுக்கு உண்மை என்பதைக் காட்டும் சான்றை, பெட்டி படுக்கையைக் கட்டி வைத்துவிட்டு லாரிக்காகக் காத்திருக்கும் நாளில் திரட்ட முடியாது. மழைக்காலத்தில், அந்த வீட்டில் குடியிருக்கும்போதே திரட்டி வைக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் சுவருக்கு மற்றவற்றைவிட அதிக இடம் கொடுத்திருப்பதற்குக் காரணம் அதுவே.

சட்டம் சொல்வது

தமிழ்நாட்டில் 1960 ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017 ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. நம் காரியத்துக்கு அதில் இரண்டு இடங்கள் முக்கியமானவை. முதலாவது, 11 ஆம் பிரிவு. வேறு உடன்பாடு இல்லாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டத்துக்குப் புறம்பானது என்றும், வீடு காலியான ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. முன்பணத்தின் அளவைப் பொறுத்தவரை 'வேறு உடன்பாடு இல்லாத நிலையில்' என்ற விலக்கு இருப்பதால், ஐந்து மாதம், பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்திட்டவர் பின்னால் அதைக் கேள்வி கேட்பது கடினம். ஆனால் ஒரு மாதக் கெடுவைக் கேட்பதற்கு யாரும் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. எந்தப் பழுது யாருடைய பொறுப்பு என்பதை அது பிரித்துக் காட்டுகிறது. கட்டடத்தின் கட்டமைப்பைச் சேர்ந்த பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வர்ணம் பூசுதல், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுதல், மின் கம்பி இணைப்புகளைச் சீர்செய்தல் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாய்த் திருகும் வாஷரும் மாற்றுவது, சாக்கடை அடைப்பை நீக்குவது, கழிப்பறைப் பீங்கான், கை கழுவும் தொட்டி, கீசர், சுவிட்ச், பிளக் ஆகியவற்றைச் சரிசெய்வது, பூட்டு, கைப்பிடி, சன்னல் கண்ணாடி, கொசுவலை மாற்றுவது, தம் உபயோகத்தில் உள்ள தோட்டத்தைப் பராமரிப்பது ஆகியவை வாடகைதாரரின் பொறுப்பு. மலையில் கீசர் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது என்பதால், இந்தப் பட்டியலில் அது வாடகைதாரர் பக்கம் இருப்பதைப் பலர் கவனிக்காமல் விட்டு, கடைசி நாளில் திகைக்கிறார்கள்.

இந்த அட்டவணை ஒப்பந்தத்தில் எழுதியதற்கு உட்பட்டே நிற்கும். 'காலி செய்யும்போது வர்ணம் பூச ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், அட்டவணையைக் காட்டி அந்தத் தொகையைத் திரும்பக் கேட்பது நியாயமாகாது. அப்படி எழுதாமல், 'இங்கே எல்லாரும் அப்படித்தான்' என்று வாய்மொழியாக மட்டும் சொன்னால் அது வழக்கம், கடமை அன்று. ஆகவே முதல் வேலையாக உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, அறிவிப்புக் காலம், வர்ணச் செலவு, குறைந்தபட்சத் தங்கும் காலம் ஆகிய மூன்றையும் தேடிப் படித்துவிடுங்கள்.

இந்தச் சட்டம் நகர்ப்புறங்களுக்கானது. எஸ்டேட் நிறுவனங்கள் தம் தொழிலாளருக்கும் ஊழியருக்கும் வேலை நிபந்தனையின் பகுதியாகத் தரும் குடியிருப்புகளும், அரசுக்குச் சொந்தமான கட்டடங்களும் இதில் வாரா. நகர எல்லைக்கு வெளியே, ஊராட்சிப் பகுதியில் உள்ள வீடுகளுக்கு 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே அடிப்படை. மாத வாடகைக்கு இருப்பவர், ஒப்பந்தம் வேறு சொல்லாவிட்டால், 15 நாள் அறிவிப்புத் தர வேண்டும் என்பதும், இயல்பான தேய்மானம் நீங்கலாக, பெற்ற நிலையிலேயே வீட்டைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பதும் அதில் உள்ளன.

கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஜென்மம் எனப்படும் பழைய நிலவுடைமை முறையை ஒழித்த 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17 ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் கட்டிய வீடுகளுக்குப் பட்டா இராது. அதனால் வீட்டுக்காரர் எழுத்தில் எதையும் தர விரும்பமாட்டார். கட்டட அனுமதி பெறாத வீடுகளிலும் இதே தயக்கத்தைக் காணலாம். அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர் ஒப்பந்தத்தை நம்ப முடியாது. அட்வான்ஸும் வாடகையும் வங்கி வழியாகப் போனதற்கான பதிவுதான் அவர் கையிலுள்ள பத்திரம். ரொக்கமாகக் கொடுத்தவர், வீட்டில் இருக்கும் காலத்திலேயே, 'நான் கொடுத்த அட்வான்ஸ் 40,000 ரூபாய்தானே, என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்' என்று வாட்ஸப்பில் ஒரு வரி கேட்டு, 'ஆம்' என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்வது பிற்பாடு பெரிதும் உதவும்.

சுவர் கறுத்தது யாரால்

மலை வீட்டில் ஈரம் மூன்று வழிகளில் சுவருக்கு வருகிறது. மூன்றும் வெவ்வேறு அடையாளங்களை விட்டுச் செல்கின்றன. அவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தால், அட்வான்ஸ் பேச்சில் பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் வகை, நிலத்திலிருந்தும் சரிவிலிருந்தும் வருவது. நம் வீடுகளில் பல, மலைச் சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில், பின்சுவர் மண்மேட்டை ஒட்டியபடி நிற்கின்றன. மேட்டில் இறங்கும் மழைநீர் அந்தச் சுவர் வழியே உள்ளே ஊறுகிறது. இந்த ஈரம் தரையிலிருந்து மேல்நோக்கி ஏறும். அதன் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். தட்டினால் காரை பொருபொருவென்று உதிரும். மேட்டை ஒட்டிய சுவரில் மட்டும் இது இருந்து மற்ற சுவர்கள் சுத்தமாக இருந்தால், காரணம் கட்டடத்தில் இருக்கிறது. குடியிருந்தவர் அதற்குப் பொறுப்பாக முடியாது.

இரண்டாம் வகை, கூரைக் கசிவு. தகரக் கூரையின் ஆணித் துளை, நழுவிய ஓடு, கூரையும் சுவரும் சேரும் இடத்தில் விட்டுப்போன பூச்சு ஆகியவற்றின் வழியே இறங்கும் நீர், பழுப்பு நிற விளிம்புடன் வளையம் வளையமாகக் கறை பதிக்கும். பெரிய மழைக்கு மறுநாள் கறை விரியும். வெயில் நாட்களில் நிற்கும். இதுவும் உரிமையாளரின் பொறுப்பே. ஆனால் கசிவைக் கண்டும் மாதக்கணக்கில் அவரிடம் சொல்லாமல் இருந்து, அதனால் மரத்தளமோ மேற்கூரைப் பலகையோ அழுகிப்போயிருந்தால், முன்பே சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மூன்றாம் வகை, வீட்டுக்குள்ளேயே உண்டாகும் ஈரம். சமையல் ஆவி, குளியலறை ஆவி, மழை நாட்களில் அறைக்குள் கயிறு கட்டி உலர்த்தும் துணி, கூடிப் படுத்துறங்குபவர்களின் மூச்சு ஆகிய எல்லாம் சேர்ந்த வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த சுவரில் படும்போது நீராகப் படிகிறது. காற்றோட்டம் இல்லாத மூலைகளிலும், பீரோவின் பின்புறத்திலும், சன்னலைச் சுற்றியும் கரும்புள்ளிகளாகப் பூசணம் கிளம்புவது இதன் அடையாளம். குளிருக்கு அஞ்சிச் சன்னலைத் திறக்காமலே இருந்தால் இது பெருகும். இங்குதான் குடியிருந்தவரின் பங்கு என்று ஒன்று வருகிறது. அதுவும் முழுப் பங்கு அன்று, ஏனெனில் வெயிலே படாத பக்கம் பார்த்துக் கட்டிய அறையில் யார் இருந்தாலும் ஓரளவு பூசணம் வரத்தான் செய்யும்.

இவற்றில் எது என்று ஐயம் இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. கறை உள்ள இடத்தை நன்றாகத் துடைத்து உலர்த்தி, ஒரு முழ அகலத்துக்குப் பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு விளிம்பையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். அறையைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி நின்றால் ஈரம் அறையின் காற்றிலிருந்து வருகிறது. சுவரைப் பார்த்த பக்கத்தில் நின்றால் அது சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளை எடுக்கும் முன்னும் எடுத்த பின்னும் படம் எடுத்து வையுங்கள். வீட்டுக்காரரையே அழைத்துக் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. கண்ணால் பார்த்ததை மறுத்துப் பேச மனிதர்கள் பொதுவாகக் கூசுவார்கள்.

எப்போது படம் எடுக்க வேண்டும் என்பது ஊரைப் பொறுத்தது. கூடலூர், தேவாலா, நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைதான் சுவரைச் சோதிக்கும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் வீடுகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையும் அதற்குச் சமமாகவோ மேலாகவோ சோதனை தரும். குடி வந்த முதல் மழைக்காலத்திலேயே எடுத்த படம் எல்லாவற்றிலும் வலிமையானது. வந்து சில வாரங்களே ஆன ஒருவர் சுவரை ஊற வைத்துவிட முடியாது என்பதை யாரும் ஒப்புக்கொள்வர். படத்தை எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. 'ஐயா, பின் அறையின் மேட்டுப்புறச் சுவரில் இன்று இவ்வளவு உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கிறது, ஒரு முறை வந்து பார்க்க வேண்டுகிறேன்' என்ற வரியோடு உரிமையாளருக்கு அனுப்புங்கள். தேதியும் அறிவிப்பும் ஒருசேரப் பதிவாகிவிடும். அவர் பதில் எழுதாவிட்டாலும், அனுப்பிய செய்தி சான்றாக நிற்கும்.

உங்கள் பங்காக வந்த பூசணத்தைக் காலி செய்வதற்கு முன் நீங்களே கழுவிவிடுவது மலிவானது. வெயில் அடிக்கும் நாளில் சன்னல்களைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீராலோ நீர்த்த பிளீச்சிங் கரைசலாலோ துடைத்து நன்றாக உலர விடுங்கள். ஈரம் காயாத சுவரில் அவசரமாக வர்ணம் பூசி மறைக்கப் பார்ப்பது வீண் செலவு. இரண்டே வாரத்தில் கறை மேலே வந்துவிடும், அதற்குள் அட்வான்ஸும் கைக்கு வந்திராது.

அறிவிப்பும் அதன் காலமும்

பெரும்பாலான ஒப்பந்தங்களில் அறிவிப்புக் காலம் ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை இருக்கும். வாய்மொழியாகச் சொன்ன நாளிலிருந்து அன்று, எழுத்தில் தந்த நாளிலிருந்தே அது எண்ணப்படும் என்று கொள்வது பாதுகாப்பானது. கடிதம் பின்வருமாறு இருந்தால் போதும்.

'மதிப்பிற்குரிய ஐயா, தங்களுக்குச் சொந்தமான மேற்கண்ட முகவரியிலுள்ள வீட்டில் வாடகைக்குக் குடியிருந்து வரும் நான், ஒப்பந்தத்தின்படி இக்கடிதத்தின் வாயிலாக அறிவிப்புத் தந்து, வரும் இன்ன தேதியில் வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க இருக்கிறேன். தங்களிடம் நான் செலுத்தியுள்ள அட்வான்ஸ் தொகை 40,000 ரூபாய். இன்ன மாதம் வரை வாடகை செலுத்தப்பட்டுள்ளது. காலி செய்யும் தேதிக்கு முன் ஒரு நாள் தாங்களோ தங்கள் சார்பில் ஒருவரோ வந்து வீட்டைப் பார்வையிட்டு, கழிக்க வேண்டியவை ஏதேனும் இருப்பின் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். மீதித் தொகையை என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுகிறேன்.'

நேரில் கொடுத்தால் நகலில் கையெழுத்து வாங்குங்கள். இல்லையேல் பதிவு வசதியுள்ள விரைவு அஞ்சலில் அனுப்பி, அதையே வாட்ஸப்பிலும் படமாக அனுப்புங்கள்.

கடிதத்தில் இல்லாத ஒரு நடைமுறை உண்மையும் இருக்கிறது. பல வீட்டுக்காரர்கள் அட்வான்ஸைத் தனியே எடுத்து வைத்திருப்பதில்லை. அடுத்து வருபவர் தரும் அட்வான்ஸிலிருந்துதான் போகிறவருக்குக் கொடுப்பார்கள். சட்டப்படி இது உங்கள் கவலை அன்று. ஆயினும் பணம் எப்போது வரும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது. பள்ளிகள் திறப்பதை ஒட்டியும், இடமாறுதல்கள் நடப்பதை ஒட்டியும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் வீடு தேடுவோர் அதிகம். அடைமழையில் வீடு பார்க்க வருபவர் குறைவு. வந்தாலும் ஈரச் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி உங்களுக்கு இருந்தால் பிப்ரவரி முதல் மே வரையிலான உலர்ந்த நாட்களில் காலி செய்யுங்கள்: சுவர் காய்ந்திருக்கும், புதியவர் வரக் காத்திருப்பார். சீசனில் வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட விரும்பும் உரிமையாளர், மார்ச் இறுதியில் நீங்கள் கிளம்பினால் பணத்தை எண்ணிக் கையில் வைத்து வழியனுப்புவதும் உண்டு. அந்த அவசரம் அவருடையது. அதைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை. சாமான் லாரியை மட்டும் மே மாத வார இறுதியில் மலைப்பாதையில் ஏற்றவோ இறக்கவோ வேண்டாம்.

கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா என்று பலரும் கேட்பார்கள். உரிமையாளர் சம்மதிக்காமல் வாடகையை நிறுத்தினால் நீங்கள்தான் பாக்கிதாரர் ஆவீர்கள். நோட்டீஸ் உங்கள் வாசலுக்கு வரும். ஆனால் அவர் கோவையிலோ சென்னையிலோ இருந்துகொண்டு மலைவீட்டை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்பவராக இருந்தாலோ, பணத்தட்டுப்பாட்டில் இருப்பவர் என்று உங்களுக்குத் தெரிந்தாலோ, அறிவிப்புக் கடிதத்தோடு இந்த யோசனையை நீங்களே முன்வைத்து, அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது. அப்படிச் செய்யும்போது முழுத் தொகையையும் கழித்துத் தீர்த்துவிட முயலாதீர்கள். சிறு பழுதுக்கென ஒரு மாத வாடகை அளவு அவர் கையில் இருந்தால்தான் அவர் இசைவார்.

மின்சாரம், தண்ணீர், பழுது

மின் கட்டணக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுவதால், நடுவில் காலி செய்பவரிடம் உரிமையாளர் ஒரு பெருந்தொகையைப் பிடித்து வைக்க இடம் ஏற்படுகிறது. உறைபனிக் காலமான டிசம்பர், ஜனவரியில் ஹீட்டரும் கீசரும் ஓடியிருந்தால் கட்டணம் உண்மையிலேயே பெரிதாக இருக்கும் என்பதால் அவர் அச்சத்தையும் குறை சொல்ல முடியாது. காலி செய்யும் நாளில் மீட்டர் அளவைப் படம் எடுத்து, கடைசியாகக் கணக்கெடுத்த அளவைக் கழித்து, வரும் யூனிட்டுக்கு மின்வாரியத்தின் கட்டணக் கணக்கிடும் பக்கத்தில் தொகையைப் போட்டுப் பார்த்து, அந்தத் தொகையை அங்கேயே கொடுத்து ரசீதில் எழுதிவிடுங்கள். ஒரே இணைப்பில் இரண்டு குடித்தனம் இருந்தால், பிரிவு மீட்டர் அளவையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கிப் பகிர்ந்துகொண்ட வீடுகளில் அந்தப் பாக்கியையும் முன்னதாகவே தீர்த்துவிடுங்கள். சொத்து வரி உரிமையாளருடையது. அதைக் கழிக்க அவருக்கு வழியில்லை.

உங்கள் பொறுப்பில் வரும் சிறு பழுதுகளை நீங்களே ஆள் வைத்துச் சரிசெய்து, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சன்னல் கண்ணாடியை மாற்றக் கடைக்காரர் கேட்கும் தொகைக்கும், அதே கண்ணாடிக்காக அட்வான்ஸில் கழிக்கப்படும் தொகைக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் வியப்பளிப்பதாகவே இருக்கும். பழைய பங்களாக்களிலும் அவற்றைப் பிரித்து வாடகைக்கு விட்ட பகுதிகளிலும் கணப்படுப்பு இருந்தால், சாம்பலை அள்ளி, புகைபோக்கியின் கீழ்ப்பகுதியில் படிந்த கரியைத் துடைத்து வையுங்கள். தணல் தெறித்து மரத்தரையில் விழுந்த தழும்பு தேய்மானக் கணக்கில் சேராது. அதை ஒப்புக்கொண்டு பேரம் பேசுவதே வழி. பல ஆண்டுகளாக நடந்து மெருகு போன தரையும், வெயில்பட்டு வெளுத்த வர்ணமும், துருவேறிய கீலும் தேய்மானமே.

சாவி கைமாறும் நாள்

வீடு முழுவதும் காலியான பிறகு, வெளிச்சம் உள்ள பகல் வேளையில், ஒவ்வோர் அறையாகச் சுற்றி நின்று நிறுத்தாமல் ஒரு வீடியோ எடுங்கள்; குழாயைத் திறந்து மூடுவதும், விளக்கைப் போட்டு அணைப்பதும், கீசர் வேலை செய்வதும் அதில் தெரியட்டும். பிறகு உரிமையாளரோடு நடந்து பார்த்து, ஒரு தாளில் கணக்கை எழுதி முடியுங்கள். அட்வான்ஸ் 40,000, கழிப்பு: மின்சாரம் இவ்வளவு, உடைந்த கண்ணாடி இவ்வளவு, மீதி இவ்வளவு, அது இன்ன தேதிக்குள் இன்ன கணக்கில் செலுத்தப்படும், இத்தனை சாவிகள் பெற்றுக்கொள்ளப்பட்டன. இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு ரசீது எழுதினால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டுவது முறை.

உரிமையாளர் வெளியூரில் இருந்து, சாவியை வாட்ச்மேனிடமோ பக்கத்து வீட்டிலோ கொடுத்துவிட்டுப் போகச் சொன்னால், யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை அவரிடமிருந்து எழுத்தில் வாங்காமல் கொடுக்காதீர்கள். சாவி ஒப்படைத்த தேதிதான் ஒரு மாதக் கெடுவின் தொடக்கம். அந்தத் தேதி மங்கலாக இருந்தால் கெடுவும் மங்கலாகிவிடும். சொத்து அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவாக இருக்கும் குடும்பங்களில், அட்வான்ஸ் வாங்கியவர் ஒருவர், வாடகை வாங்குபவர் இன்னொருவர் என்று ஆகிவிடுவது உண்டு. பணம் வாங்கியவரிடமே கணக்குத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். அவர் காலமாகியிருந்தால் வாரிசுகளிடம் வாங்குங்கள். இடையில் வீடு விற்கப்பட்டிருந்தால், அட்வான்ஸ் புது உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டதா என்பதை விற்ற உடனேயே இருவரிடமும் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். கேட்காதவர்கள் இன்றே கேட்கலாம்.

வாடகையே இல்லாமல் லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்துக் குடியிருக்கும் போக்கியம் அல்லது லீஸ் முறையில் தொகை மிகப் பெரியது என்பதால், அங்கே கெடு, தவணை என்ற பேச்சுக்கே இடம் தரக் கூடாது. பணம் வங்கியில் ஏறிய பிறகே சாவி கைமாற வேண்டும்.

ரொக்கத்துக்குப் பதில் பின்தேதியிட்ட காசோலை தந்தால் வாங்கலாம். வெறும் வாக்குறுதியைவிட அது பல மடங்கு மேலானது. காசோலை அதன் தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும். அது பணமின்றித் திரும்பினால், வங்கியின் குறிப்பு கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பி, அவருக்கு அது கிடைத்த நாளிலிருந்து 15 நாள் பொறுத்திருந்து, அதன் பின் ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138 ஆம் பிரிவின்படி குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் அளிக்கலாம். இந்த நாள் கணக்குகளில் ஒன்றைத் தவறவிட்டாலும் வழக்கு தளர்ந்துவிடும்.

பணம் வராவிட்டால்

ஒரு மாதம் கடந்ததும், கோபமில்லாத நடையில் ஒரு கடிதம் எழுதுங்கள். காலி செய்த தேதி, அட்வான்ஸ் தொகை, ஒப்புக்கொண்ட கழிப்பு, வர வேண்டிய மீதி, 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு தரும் ஒரு மாதக் கெடு ஆகியவற்றைச் சொல்லி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். உரிமையாளர் வர்ணத்துக்கும் சுவருக்கும் என்று ஒரு தொகையைச் சொன்னால், எந்தச் சுவர், என்ன வேலை, யாருடைய ரசீது என்று கேளுங்கள். மழைக்காலத்தில் அனுப்பிய படங்களை அந்தப் பதிலோடு இணையுங்கள். நான் அறிந்தவரை, ரசீது கேட்கப்பட்டதும் தொகை பாதியாகக் குறைவது அரிதன்று. இந்தக் கட்டத்தில் சிறு விட்டுக்கொடுத்தலுக்கு இடம் வைத்திருப்பது விவேகம். வேறு ஊருக்குப் போய்விட்டவர், 3,000 ரூபாய்க்காகத் திரும்பத் திரும்ப மலையேறி வந்தால் பேருந்துச் செலவும் விடுப்பும் அதைத் தின்றுவிடும்.

அதற்கும் பதில் இல்லையென்றால் வழக்கறிஞர் வழியாக நோட்டீஸ் அனுப்பலாம். வாடகைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் வாடகை அதிகாரியாக நியமிக்கப்படுகிறார். அவருக்கு மேல் வாடகை நீதிமன்றமும், அதற்கும் மேல் வாடகைத் தீர்ப்பாயமும் உண்டு. நீலகிரியில் உதகை, குன்னூர், கூடலூர் ஆகிய வருவாய்க் கோட்ட அலுவலகங்களில் ஒன்றிலும், கொடைக்கானலில் அங்குள்ள கோட்டாட்சியர் அலுவலகத்திலும் விசாரித்தால், மனுவை எங்கே தர வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருப்பவருக்கு இந்த வழி எளிது. பதிவு செய்யாதவர், வழக்கறிஞர் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டி, உரிமையியல் நீதிமன்றமா, வேறு வழியா என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், இது பண விவகாரம், நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்; அது சரியான பதிலும்கூட. ஆனால் நீங்கள் இன்னும் காலி செய்யாத நிலையில் உரிமையாளர் பூட்டைப் போட்டுவிட்டாலோ, உங்கள் சாமான்களைப் பிடித்து வைத்துக்கொண்டாலோ தயங்காமல் காவல் நிலையம் செல்லலாம். தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்து வெளியேற்ற முயல்வதை வாடகைச் சட்டமே தடை செய்கிறது. அதை வாடகை அதிகாரியிடம் முறையிட வேண்டும்.

வழக்குச் செலவுக்கு அஞ்சுபவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். நீலகிரி மாவட்ட ஆணைக்குழு உதகையில் உள்ளது. கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தும் வழி கேட்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிலாளர்களுக்கும், வருமான வரம்புக்குள் உள்ளவர்களுக்கும் வழக்கறிஞர் உதவி இலவசம். வழக்குத் தொடுக்கும் முன்பே மக்கள் நீதிமன்றத்துக்கு மனு அளித்து இருதரப்பையும் அழைத்துப் பேச வைக்க அங்கே வசதி உண்டு. அதற்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. அங்கே எட்டப்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்கு இணையானது, மேல்முறையீடும் இல்லை என்பதால், கையெழுத்திடும் முன் தொகையோடு செலுத்த வேண்டிய தேதியும், தவறினால் வட்டி உண்டா என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இந்தப் பேச்சுகளுக்கிடையே காலம் ஓடிவிடவும் கூடாது. பணம் திரும்பப் பெறும் வழக்குக்குப் பொதுவாகக் கால வரம்பு மூன்று ஆண்டுகள். பாக்கியை ஒப்புக்கொண்டு உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம் அந்த வரம்புக்குள் எழுதப்பட்டிருந்தால், அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாக எண்ணப்படும்.